இருபதாவது பிராக்கெட்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் லேத்துப் பட்டறைக்கும் தனிஸ்லாஸின் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரச் சுவர்தான். அவன் கிரைண்டர் போட்டால் என் டீ டம்ளர் ஆடும். நான் இரும்பு கடைந்தால் அவனுக்குப் பல் கூசும். பதினேழு வருஷமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே பிழைத்தோம். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன். கோபம் ஆறின பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன், அது ஆறுவதாக இல்லை.

தனிஸ்லாஸ் இடது கைக்காரன். வெல்டிங் துப்பாக்கியை இடது கையில் பிடித்து வலமிருந்து இடமாக இழுத்துக்கொண்டே போவான். ஊரில் எல்லாரும் ஒட்டுவதற்கு நேர் எதிர்ப் பக்கம். ஒட்டி முடித்த இடம் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். பிள்ளைச்சாவடிப் படகுக்காரர்கள் என்ஜின் உட்காரும் சட்டத்துக்கு வேறு ஆளிடம் போகமாட்டார்கள். "உப்புத் தண்ணில இரும்பு இத்துப் பூடும், இவன் ஒட்டு நிக்கும்" என்பான் அவர்களில் ஒருவனான கோவிந்தராசு. கோவிந்தராசு சொந்தத் தம்பியைக்கூடப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அந்த ரேஸ் வண்டி தனிஸ்லாஸின் ஆசை கிடையாது. அது ஜெர்ரியின் ஆசை. ஜெர்ரி, தனிஸ்லாஸ் பெண்டாட்டி லூர்துசெல்வியின் தம்பி. அவர்களுடைய அம்மா செத்தபோது இவனுக்கு ஒன்பது வயது. கல்யாணமாகி ஆறே மாதமான லூர்துசெல்வி தம்பியின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து புருஷன் எதிரில் நின்றாள். தனிஸ்லாஸ் ஒரு கேள்வி கேட்கவில்லை, பாயை நகர்த்திப் போட்டான். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அப்புறம் ஜெர்ரிதான் எல்லாம். பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், கார் கம்பெனி சர்வீசில் வேலை என்று தனிஸ்லாஸே பின்னால் நின்று தள்ளிவிட்டான். இருபத்தேழு வயதில் பையன் வந்து, சென்னைப் பக்கம் மே மாதம் நடக்கிற அமெச்சூர் ரேசில் நானே செய்த வண்டியை ஓட்டப்போகிறேன் என்றான். 'நானே' என்றால் மாமா என்று அர்த்தம்.

பதினான்கு மாதம் இழுத்தது. பழைய மாருதி என்ஜினைப் பின்பக்கம் வைத்து, குழாயில் கூண்டு கட்டினான் தனிஸ்லாஸ். கூண்டு கட்டுவதுகூடப் பெரிதில்லை. சக்கரத்தைப் பிடிக்கிற கைகளும் ஷாக் அப்சார்பரும் வந்து மாட்டும் பிராக்கெட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் உயிர். கைகளுக்குப் பதினாறு, ஷாக்குக்கு நாலு, மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மில்லி தகட்டில் இரண்டு காது. இரண்டு காதிலும் துளை நேராக வரவேண்டும், ஒரு மயிரிழை தப்பினாலும் போல்ட் இறங்காது. நான் கடைந்து கொடுத்த இரும்புத் தண்டை இரண்டு துளையிலும் கோத்து வைத்துத்தான் அவன் ஒட்டுவான். ஒட்டிய பிறகு அது தானாகவே ஆறவேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது, ஈரத்துணி போடக்கூடாது. சூட்டில் தண்டை உருவினால் காது இரண்டும் உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. நான் கேலி செய்வேன், கோழி அடைகாக்கிறதா என்று. அவன் கண்ணாடியைத் தூக்கி ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

வண்டியின் உயரத்தை அவன் பிடித்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜெர்ரியின் எடை எழுபத்திரண்டு கிலோ. சீட்டில் அரிசி மூட்டையும் மணல் மூட்டையும் அடுக்கி எழுபத்திரண்டு ஆக்கி, பெல்ட்டையும் மாட்டிவிட்டான். அப்புறம் கீழே படுத்துக்கொண்டு, ஷாக்கின் மேல்முனை எங்கே நிற்கவேண்டும் என்று அளந்து சாக்பீசில் கோடு போட்டான். தவக்காலம் அது. லூர்துசெல்வி ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தாள். புருஷனுக்கு மட்டும் கேழ்வரகுக் கூழும் சுட்ட மிளகாயும் தூக்குச்சட்டியில் வைத்து அனுப்புவாள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெர்ரி ஆரம்பித்தான்.

"மாமா, பின்னாடி ஒரு இன்ச்சு இறக்கிடலாம்."

"இறக்குனா?"

"திருப்பத்துல ரோட்ட ஒட்டிகினு போவும். பாக்கவும் நல்லாருக்கும்."

"ஷாக்க ஒரு இன்ச்சு மேல ஏத்துனா வண்டி கீழ எறங்கும், சரி. அடிச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவுல இன்னா எடம் இருக்கு? கைய உட்டுப் பாரு."

"இருக்குதே மாமா, நாலு விரலு."

"அந்த நாலு விரலுதாண்டா உன் உசுரு. ஒரு மேட்டுல ஏறி எறங்குனா அதுல மூணு விரலு காணாம பூடும்."

"வெளிநாட்டுல எல்லாம் இன்னும் கீழ வெக்கிறான்."

"அவன் ரோடு அவனுக்கு. எழுபத்திரண்டு கிலோவ வெச்சி அளந்திருக்கேன். இந்தக் கோட்டுலதான் நிக்கும்."

ஜெர்ரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். தனிஸ்லாஸ் கூழை வழித்துக் குடித்துவிட்டு, "கல்யாணம் ஆனா சரியாப் பூடும்" என்றான்.

கல்யாணப் பேச்சு நிஜமாகவே முடிந்திருந்தது. பெண் கருவடிக்குப்பத்தில் சொல்தா பிலவேந்திரனின் மகள் அஞ்சலி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. அஞ்சலியைக் கட்டினால் ஜெர்ரி பாரீசுக்குப் போகலாம். லூர்துசெல்விக்கு ஆறு மாதமாகத் தரையில் கால் பாவவில்லை. தம்பி படம் பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் இருப்பது போலக் கனவு வந்தது என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள்.

இருபதாவது பிராக்கெட்டைப் பெரிய வியாழனன்று ஒட்டினான். பின்பக்கம், இடது ஷாக்கின் மேல்முனை. அன்று சாயங்காலம் கோயிலில் பாதம் கழுவும் பூசை. சாமியார் பாதம் கழுவிவிடுகிற பன்னிரண்டு பேரில் ஒருவனாக அந்த வருஷம் தனிஸ்லாஸைச் சேர்த்திருந்தார்கள். சாமியார் கையில் கொடுக்கிற கால் இப்படியா இருக்கும் என்று மத்தியானத்திலிருந்து மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்தான். நாலு மணிக்குப் பட்டறையைச் சாத்தினான். மறுநாள் பெரிய வெள்ளி. அன்று அவன் சுத்தியலைத் தொடமாட்டான், நெருப்பு பற்றவைக்கமாட்டான். ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளில் இரும்பில் அடி விழக்கூடாது என்பது அவன் வீட்டு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் ஜெர்ரி, ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்று சொல்லி வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு என் போன் அடித்தது. ஊருக்கு வெளியே ஒரு காலி மனைப் பிரிவு ரோட்டில் ஜெர்ரி வெள்ளோட்டம் விட்டிருக்கிறான். கல்யாணத்துக்காகப் பிரான்சிலிருந்து வந்திருந்த அஞ்சலியின் தம்பி மிஷேல், நானும் ஒரு ரவுண்டு போகிறேன் என்றிருக்கிறான். வருங்கால மச்சானைக் குளிர வைக்கவேண்டாமா, இவன் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டான். இரண்டாவது திருப்பத்தில் பின்பக்கம் இடது பிராக்கெட் கழன்று, அடிச் சட்டம் தரையில் குத்தி, வண்டி ஒரு புரள் புரண்டுவிட்டது. கூண்டு தாங்கியதால் மிஷேல் உயிர் தப்பினான். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன, காறை எலும்பு ஒன்றும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்தா நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிலும் முதுகு வளையாத மனுஷன். ஜெர்ரி அவர் எதிரில் அழுதுகொண்டே சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது.

"மாமா வெல்டிங் விட்டுடுச்சு, பப்பா. நான் இன்னா பண்ணுவேன்."

தனிஸ்லாஸ் அப்போதுதான் படியேறி வந்தான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். சொல்தா அவனைப் பார்த்து, "என் வீட்டு வாசல் மிதிக்காதே" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவன் வெல்டிங் துப்பாக்கியைக் கையில் எடுக்கவில்லை. கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டான். என் பட்டறை ஸ்டூலில் வந்து உட்காருவான், நான் கடைகிற சத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டே இருப்பான். மத்தியானம் தூக்கைத் திறந்தால் மூடிவிடுவான். கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. தகரக் கூரை கொதித்தது.

"பாலாஜி, வியாழக்கெழம அந்தத் தண்ட உருவுனப்ப சூடு இருந்திச்சா, ஆறிட்டிருந்திச்சா?"

"நீ சூட்டுல உருவ மாட்டியே தனிசு."

"கால் கழுவுற நெனப்புல இருந்தேன். அவசரத்துல உருவிட்டனா? எனக்கு ஞாபகமே இல்ல."

இதையே முப்பது தடவையாவது கேட்டிருப்பான். இவனாகவே தன்மேல் ஒரு குற்றத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டான். வண்டியைப் போய்ப் பார்க்கலாம் என்றால், அது சொல்தா வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மாமா அங்கே போனால் கலவரமாகிவிடும், வேண்டவே வேண்டாம் என்று ஜெர்ரி கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்புறம் இன்னொரு கூத்து ஆரம்பமானது. கூத்து என்று சொல்கிறேன், பார்த்தவனுக்கு வயிறு எரியும். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷமாகத் தான் ஒட்டிய இடத்தையெல்லாம் தட்டிப் பார்க்கக் கிளம்பிவிட்டான். மாடிப்படிகள், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுகள், பால்வாடிச் சறுக்கு மரம். கதவைத் தட்டி, "அம்மா, உங்க மாடிப் படிய ஒரு தடவ பாத்துக்கறேன்" என்பான். காதை வைத்து, டங் என்று சத்தம் சுத்தமாக வருகிறதா என்று கேட்பான். நன்றாக இருந்த படியைக்கூட அவர்கள் அதற்கப்புறம் பயந்து பயந்து ஏறினார்கள். பிள்ளைச்சாவடியில் மணல் சுடச்சுட ஒரு மத்தியானம் பூராவும் ஒன்பது படகைத் தட்டினான். கோவிந்தராசு என்னிடம் வந்து, "இன்னாண்ண, தனிசுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? என் படகுல விரிசல் இருக்குதுன்னு ஊரே பேசுது" என்றான். அடுத்த வாரம் அவனே புதுச் சட்டத்துக்கு வேறு பட்டறைக்குப் போனான். என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

இவன் இப்படித் திரிகிறான், லூர்துசெல்வி என்ன செய்தாள்? கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள், சட்டையில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து அழுதாள். "போதும் உடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றாள். நல்ல பெண் என்று நானும் நினைத்தேன்.

கல்யாணம் நின்றுவிடவில்லை. வெல்டர் தப்புக்கு மாப்பிள்ளை என்ன செய்வான் என்று சொல்தாவே சொல்லிவிட்டார். யாருக்காவது தடை உண்டா என்று கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள், அதில் முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். ஆனால் ஜெர்ரிக்கு அப்பா இல்லை. அப்பா இடத்தில் தனிஸ்லாஸ்தான் நிற்கவேண்டும். மூன்றாம் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விருந்துக்கு வரட்டும், சொந்தக்காரர்கள் எதிரில் என் மகனிடம் மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் நிற்கட்டும் என்றார் சொல்தா. தனிஸ்லாஸ் ஒப்புக்கொண்டான். கேட்கவேண்டியதுதானே என்றான்.

அதற்கு முந்தின புதன்கிழமை நான் கருவடிக்குப்பம் போனேன். வண்டியின் என்ஜினை இறக்க என்னுடைய செயின் பிளாக்கை ஜெர்ரி வாங்கிப்போயிருந்தான், திருப்பித் தரவில்லை. வீட்டில் சொல்தா இல்லை, வேலைக்காரம்மா கொல்லையைக் காட்டினாள். தார்ப்பாயைத் தூக்கினால் செயின் பிளாக்கோடு வண்டியும் இருந்தது. ஷாக்கின் தலைக்குள் போட நான் கடைந்து கொடுத்த புஷ்ஷை ஆசையாகப் பார்த்தேன், அதில் ஒரு கீறல் இல்லை. அதைச் சுற்றி, கழன்ற பிராக்கெட் இன்னும் ஷாக்கின் தலையில் போல்ட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்து ஒட்டைப் பார்த்தேன்.

செதில் எதிர்ப்பக்கம் படிந்திருந்தது. இடமிருந்து வலமாக ஓடியிருந்தது.

எனக்கு முதலில் புரியவே இல்லை. வண்டியை இரண்டு சுற்று சுற்றினேன். முன்பக்கப் பிராக்கெட்டெல்லாம் தனிஸ்லாஸின் கை. பின்பக்கம் ஷாக்குக்கு வைத்த இரண்டு மட்டும் வேறு கை. ஒட்டுக்குள் பொத்தல் பொத்தலாக இருந்தது. குழாயில் அடித்த பெயிண்டைக்கூட உரிக்காமல் மேலேயே ஒட்டியிருக்கிறான் பாவி. அதற்கு ஒரு இன்ச் கீழே பெயிண்டை விரல் நகத்தால் சுரண்டினேன். கிரைண்டர் அறுத்த தழும்பு இருந்தது. தனிஸ்லாஸ் வைத்த இடம் அதுதான். போல்ட்டைக் கழற்றிப் பிராக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். போன வேலையை மறந்து செயின் பிளாக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் மடியில் அதை வைத்தேன்.  அவன் வெளிச்சத்தில் காட்டித் திருப்பினான், கட்டைவிரலால் ஒட்டைத் தடவினான்.

"இது என்து இல்ல."

"இல்ல தனிசு."

"என்து இல்ல, பாலாஜி." அப்புறம் அழுதான். நாற்பத்தெட்டு வயசு ஆள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். சந்தோஷத்தில்தான் அழுதான். வீட்டுக்குப் போய் லூர்துவிடம் சொல்லவேண்டும், இப்போதே சொல்லவேண்டும் என்று கிளம்பினான். நானும் கூடவே போனேன். வழியெல்லாம், அவள் எவ்வளவு அழுதாள், இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று பேசிக்கொண்டே வந்தான்.

லூர்துசெல்வி கூடத்தில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே முறத்தில் துண்டுகள் காய்ந்தன. அவன் பிராக்கெட்டை அவள் எதிரில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். 'இது என்ன' என்று கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"எங்க கெடச்சிது?" என்றாள்.

தனிஸ்லாஸ் சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடினான். "இது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

அவள் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"லூர்து, உன்னத்தான் கேக்கறேன்."

"தெரியும்."

"எப்பலேந்து?"

"ஈஸ்டர் அன்னிக்கி. ஆஸ்பத்திரில என் கால்ல உழுந்து அழுதான் அவன். அக்கா, மாமா வேணான்னாரு, நான்தான் வெள்ளிக்கெழம வேற கடையில ஏத்தி ஒட்டிட்டேன், வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும், நான் மருந்து குடிச்சிடுவேன்னான்."

"ஈஸ்டர் அன்னிக்கி." அவன் விரல் விட்டு எண்ணினான். "முப்பத்தொம்போது நாளு."

"கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன். மாதா சத்தியமா."

"நான் சுத்தியல எடுத்துகினு ஊரெல்லாம் தட்டிகினு திரிஞ்சனே."

"பாத்தேன்."

"பாத்துகினு இருந்த."

"நீங்க தாங்கிக்குவீங்க. அவன் தாங்க மாட்டான்." அவள் அழ ஆரம்பித்தாள். "தாயில்லாப் புள்ள. அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

 எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முறத்தைத் தூக்கி வாசலில் வீசியிருப்பேன். அடுத்தவன் வீடு என்று நின்றேன்.

அந்த நேரத்துக்கு ஜெர்ரி வந்தான். கையில் கல்யாண சூட்டுக்குத் துணி. கீழே கிடந்த பிராக்கெட்டைப் பார்த்ததும் துணியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு மாமா காலடியில் உட்கார்ந்தான். தனிஸ்லாஸ் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நான் எதிர்பார்த்த எதையும் கேட்கவில்லை.

"யாரு ஒட்டுனது?"

"பைபாஸ்ல ஒரு கடை மாமா."

"பெயிண்ட உரிச்சானா?"

"கவனிக்கல."

"ஆறவெச்சானா?"

"தண்ணி ஊத்துனான். நேரமில்லன்னு நான்தான் ஊத்தச் சொன்னேன்."

"வெள்ளிக்கெழம இன்னாத்துக்கு எடுத்துகினு போன?"

ஜெர்ரி ஜன்னல் கட்டையிலிருந்த துணியைப் பார்த்தான். "அன்னிக்கி நீங்க பட்டறப் பக்கமே வரமாட்டீங்கல்ல மாமா."

தனிஸ்லாஸ் தலையை ஆட்டினான். மற்ற நாளில் பயந்தவன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான், மாமா சாமி கும்பிடப் போகிற நாளை.

"மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றான் ஜெர்ரி. "போலீசு கேசு கெடையாது. ஞாயித்துக்கெழம ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிது. ரெண்டு மாசத்துல நான் பாரீஸ் பூடுவேன். அப்புறம் இத யாரு நெனப்பு வெச்சிக்கப் போறாங்க? உங்களுக்கு இன்னா மாமா கெட்டுப்போச்சு?"

இந்த வார்த்தையை அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். என் ஆம்னி வேனில்தான் அவர்களைக் கருவடிக்குப்பம் கூட்டிப்போனேன்.  அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியாது. லூர்துசெல்விக்கும் தெரியாது.  சொல்தா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். விந்தாலிக் கறி மணம் தெருவரைக்கும் அடித்தது. மிஷேல் கட்டுப்போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். இருபத்திரண்டு வயசுப் பையன், நல்ல முகம்.

சொல்தா எழுந்தார். "முசே தனிஸ்லாஸ், எனக்கு மனசுல ஒண்ணும் வெச்சிக்கத் தெரியாது. ஒரு மனுசன் வேலையில தப்புப் பண்ணா ஒத்துக்கணும். ஒத்துகிட்டா முடிஞ்சிது. சொல்லுங்க."

 ஜெர்ரி எல்லாருக்கும் குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்தவன், பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். லூர்துசெல்வி தரையைப் பார்த்தாள், உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்தது. சொல்லிவிடு தனிசு, போட்டு உடைத்துவிடு என்று எனக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

தனிஸ்லாஸ் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு மிஷேலிடம் போய் நின்றான்.

"தம்பி, என் வேலையாலதான் உனக்கு இந்தக் கதி. மன்னிச்சிடு."

மிஷேல் ஊன்றுகோலைப் பிடித்துச் சிரமப்பட்டு எழுந்து, அவனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். "பரவால்ல தொந்தோன்" என்றான். மாமாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எல்லாருக்கும் தப்பு வரும். இனிமே மட்டும் பாத்துச் செய்ங்க."

"சரிப்பா" என்றான் தனிஸ்லாஸ்.

எல்லாரும் கை தட்டினார்கள். சாப்பாடு போட்டார்கள். தனிஸ்லாஸ் பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டான். ஜெர்ரி வந்து மாமா இலையில் இரண்டாம் தடவை கறி வைத்தான், அதையும் சாப்பிட்டான்.

திரும்பும்போது நாலு மணி வெயில். அவர்கள் இருவரும் பின்சீட்டில். ஈ.சி.ஆர். ரோட்டைத் தாண்டியதும் லூர்துசெல்வி விசும்பத் தொடங்கினாள். புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது.

"சாவுற வரைக்கும் மறக்க மாட்டேங்க. என் தம்பிக்கு வாழ்க்கை குடுத்துட்டீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஊரு ஆயிரம் பேசட்டும். உங்க ஒட்டு விடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நிமிசங்கூட நான் உங்கள சந்தேகப்படலங்க."

தனிஸ்லாஸ் கையை மெதுவாக உருவிக்கொண்டான்.

"சந்தேகப்பட்டிருக்கலாம் லூர்து" என்றான். "எல்லாரு மாதிரி நீயும், என் ஒட்டுதான் விட்டுடுச்சின்னு நம்பியிருந்தன்னா, உன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமே இருந்திருக்காது."

 நான் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.